விசிறிக்கு ஆடிய முள்

கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் எங்கள் வீடு. குறைமாதத்தில் பிறந்த என் மகனுக்குத் தூக்கத்தில் சில சமயம் மூச்சு நின்றுவிடும், தட்டினால் திரும்பும். பயத்தில் அவனைத் தொட்டுக்கொண்டே இருப்பேன்.

கல்லூரிச் சோதனைச்சாலையில் வேலை பார்க்கும் என் கணவர், அங்கே செய்த ரேடார் பெட்டியைக் கொண்டுவந்து தொட்டிலருகே வைத்தார். உடம்பில் படாமலே மூச்சையும் நெஞ்சுத் துடிப்பையும் அதன் முகப்பிலுள்ள முள் ஆடிக் காட்டுமாம்.

"முள் ஆடினா மூச்சு இருக்குன்னு அர்த்தம். சும்மா தொட்டு எழுப்பாதே" என்றார்.

மறுநாள் மத்தியானம் வழக்கம்போல் லோட் ஷெடிங், கரண்ட் இல்லை. பெட்டி பேட்டரியில் ஓடியது. நான் பனையோலை விசிறியால் குழந்தைக்கு வீசிக்கொண்டே முள்ளைப் பார்த்தேன். அழகாக ஆடியது.

கை வலிக்கவே விசிறியை நிறுத்தினேன். முள்ளும் நின்றது. மறுபடி வீசினேன், ஆடியது. இத்தனை நேரமும் அது காட்டியது என் கையை!

குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. வாரியெடுத்து உள்ளங்காலைச் சுண்டினேன், முதுகைத் தேய்த்தேன். வீலென்று அழுதான். நானும் அழுதேன்.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்டதும் அவர், "எது அசைஞ்சாலும் அதுக்கு ஒண்ணுதான். சொல்லாம விட்டுட்டேனே" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

பெட்டி இன்னும் தொட்டிலருகேதான் இருக்கிறது. ஆனால் கரண்ட் போனால் என் ஒரு கையில்தான் விசிறி. இன்னொரு கை அவன் நெஞ்சின் மேல்.