அண்ணனுக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுத்தேன்

என் மாமியார் வீட்டில் எல்லோரும் நன்றாகச் சிரிப்பார்கள். அதைத் தவிர வேறு உணர்ச்சி ஏதாவது அவர்களுக்கு உண்டா என்று கல்யாணமாகி ஆறு வருடமாகியும் எனக்குத் தெரியவில்லை. விருந்தாளி வந்தாலும் சிரிப்பு, பந்தியில் சாம்பார் தீர்ந்தாலும் சிரிப்பு, மருமகளைக் குத்திப் பேசும்போது மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பு. அப்பேர்ப்பட்டவர்கள்தான் என் அண்ணனைப் பார்த்து, "மூஞ்சில ஒரு களையே இல்லியே" என்று உச்சுக்கொட்டினார்கள்.

அண்ணனுக்கு நாற்பத்தொரு வயது. இருபத்திரண்டாவது வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. யாரோ தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது காதில் கேட்கிறது என்பார், சோறு தண்ணி இல்லாமல் கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொள்வார். ஊர் சொன்ன மந்திரவாதிகள் எல்லாருக்கும் கோழி அறுத்து முடித்த பிறகுதான் அப்பாவுக்கு டாக்டர் ஞாபகம் வந்தது. மாத்திரையில் குரல்கள் அடங்கின. ஆனால் முகம் அசையாமல் போய்விட்டது. சந்தோஷமோ துக்கமோ, எல்லாவற்றுக்கும் ஒரே முகம்தான். அப்பா செத்த அன்று அவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. "கல்லாட்டம் நிக்கறான் பாரு" என்று பந்தலில் பேசிக்கொண்டார்கள். பேசியவர்கள் மூன்றாம் நாள் கறிச்சோறு எங்கே என்று தேடிப் போனார்கள். அண்ணன் பதினைந்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அது யார் கண்ணிலும் படவில்லை.

இப்போது மொரப்பூர் பக்கத்தில் எங்கள் வீட்டில் அவர் தனியாகத்தான் இருக்கிறார். அம்மா அப்பாவுக்கு முன்பே போய்விட்டாள். இரண்டு மாடு வைத்திருக்கிறார், சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார், களி கிண்டிச் சாப்பிடுகிறார். என்னைக் கட்டிக்கொடுத்த ஊர் மூன்று கிலோமீட்டர்தான். சாயங்காலமானால் ஒரு நடை போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவேன்.

என் மகளுக்கு ஒன்றரை வயதானபோது காதுகுத்துப் பேச்சு வந்தது. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். எனக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். மாமியார் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்கண்ணன் மடியிலயா? வேணாம்மா. சிரிக்கத் தெரியாத மனுசன், கொழந்த பயந்துக்கும்."

"சிரிச்சா ஒத்துக்குவீங்களா அத்தை?" என்றேன்.

"பாக்கலாம் பாக்கலாம்" என்றார்.

அந்தப் 'பாக்கலாம்' என்பதை நம்பினேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை அண்ணனை மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். அங்கே கவுன்சலிங் கொடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள், சேலத்திலிருந்து ரயிலில் வருவாள். உணர்ச்சிகளை அடையாளம் கண்டு வாய்விட்டுச் சொல்லப் பழக்கலாம் என்று அவள்தான் ஆரம்பித்தாள். முதலில் ஆறு அட்டைகளை எடுத்துப் போட்டாள். ஆறிலும் மஞ்சள் மஞ்சளாக உருண்டை முகங்கள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அந்த அட்டையை அச்சடித்த மேதாவியைத்தான் சொல்ல வேண்டும். சோகமான முகத்தைக் காட்டியதும் அண்ணன், "இவனுக்குப் பல்லு வலி" என்றார். பல்லைக் காட்டிச் சிரித்த முகத்தைக் காட்டினாள். "இவன் ஏதோ விக்க வந்திருக்கான்" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஆனால் என் மாமியார் வீட்டை யோசித்துப் பார்த்தால் அண்ணன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

அவளும் சிரித்துவிட்டு அட்டையை மூட்டை கட்டினாள். "மாடு கோவமா இருக்குன்னு எப்படிங்கண்ணா தெரியும்?" என்று கேட்டாள். அண்ணன் அன்றைக்குப் பேசியதுபோல் நான் கேட்டு வருடக்கணக்காகியிருந்தது. காது பின்னால் போகும், மூச்சு மாறும், அப்போது கிட்டே போகக்கூடாது என்று விவரமாகச் சொன்னார்.

"உங்களுக்குக் கோவம் வந்தா எங்க தெரியும்?"

வெகுநேரம் யோசித்தார். "தாடை இறுகும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடமாக இந்த மனிதனுக்குக் கோபமே வராது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! "முகத்துல வரலன்னா உள்ள இல்லன்னு அர்த்தமில்லைங்கக்கா" என்றாள் அந்தப் பெண். தினமும் ஒரு தடவை மூன்று விஷயம் கேட்கச் சொன்னாள்: உடம்பில் எங்கே தெரிகிறது, அதற்குப் பெயர் என்ன, எதனால் வந்தது. அண்ணன் யோசித்து யோசித்துச் சொல்வார். கன்று பிறந்த அன்று, "வயித்துல கதகதன்னு இருக்குது. சந்தோஷம். கன்னு எழுந்து நின்னுடுச்சு" என்றார். முகம் வழக்கம்போலத்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் மனுஷி. நிறுத்தவில்லை. மாமியாரின் 'பாக்கலாம்' காதிலேயே நின்றுகொண்டிருந்தது. அண்ணனைப் பீரோ கண்ணாடி முன்னால் நிறுத்தி, "ஈன்னு சொல்லு" என்றேன்.

"எதுக்கு?"

"போட்டோவுக்கு. நீ சந்தோஷமா இருக்கறது எல்லாருக்கும் தெரியணுமில்ல."

"எனக்கு சந்தோஷம் வயித்துல இருக்குது. வாயில இல்ல."

எவ்வளவு தெளிவாகச் சொன்னார்! நான் கேட்கவில்லை. "சொன்னதச் செய்யிண்ணா" என்று அதட்டினேன். ஒன்றரை மாதம் தினமும் பத்து நிமிஷம் என் அண்ணன் கண்ணாடியைப் பார்த்து 'ஈ' என்று பல்லைக் காட்டினார், யாரோ வாயைப் பிடித்து இழுப்பதுபோல. 'அப்படித்தான், அப்படித்தான்' என்று நான் கை தட்டினேன். தூ!

காதுகுத்து அன்று குலதெய்வக் கோயில் வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். நடுவில் என் மகள். பக்கத்தில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு என் சித்தப்பா மகன், ஓசூரில் வேலை பார்ப்பவன். அவன் படத்துக்குக் கீழே தலையளவு எழுத்தில் 'தாய்மாமன்' என்று போட்டிருந்தது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆளை ஏற்பாடு செய்து, படம் வாங்கி, அச்சடித்துக் கட்டியும் விட்டார்கள். வீட்டுக்காரரைப் பார்த்தேன். "எங்கம்மா ஏதோ ஆசப்பட்டுடுச்சி, பெருசு பண்ணாத" என்று செல்போனைக் காதில் வைத்துக்கொண்டார். மறுமுனையில் யாரும் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அம்மா எதிரில் வாய் திறக்க முடியாத ஆண்பிள்ளைக்குச் செல்போன் எவ்வளவு வசதி!

அதற்குள் அண்ணன் டிவிஎஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, தலை படிய வாரியிருந்தார், பின்னால் கட்டியிருந்த பையில் சீர். தர்மபுரி போய்த் தானே பார்த்து வாங்கிய மஞ்சள் கவுன். அதையெல்லாம் தட்டில் எடுத்து அடுக்கிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்ததும் நான் பழக்கியபடி 'ஈ' என்று பல்லைக் காட்டினார். காட்டியபடியே நடந்து வந்தார். ஒரு பெரிய மனுஷன், "என்னப்பா, பல்லு வெளக்கினியான்னு யாராச்சும் கேட்டாங்களா?" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல் இருந்தது.

அண்ணன் நிமிர்ந்து ஃபிளெக்ஸைப் படித்தார். மணையில் சித்தப்பா மகன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான், அவன் மடியில் என் மகள். அண்ணன் வாயை மூடிக்கொண்டார். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தாடையில் வைத்தார்.

"தாடை இறுகுது" என்றார். குரல் உயரவே இல்லை. "எனக்குக் கோவமா இருக்குது. தாய்மாமன் நான். என்னக் கேக்காம இவன உக்கார வெச்சிட்டீங்க. அதுக்குக் கோவம்."

இடம், பெயர், காரணம். ஒன்றும் விட்டுப்போகவில்லை. எத்தனை மாதப் பழக்கம்!

"ஐயையோ, மாத்திரை போட்டானா?" என்றார் மாமியார். "மாத்திரை போட்டாரான்னு கேளு" என்றார் வீட்டுக்காரர், போனைக் கீழே இறக்கி. மாத்திரை வெள்ளையா சிவப்பா என்றுகூடத் தெரியாத சனமெல்லாம் 'மாத்திரை மாத்திரை' என்று முணுமுணுத்தது. உப்புக் குறைந்ததற்குத் தட்டைச் சுவரில் அடிப்பார் என் வீட்டுக்காரர், அவரை ஒருநாளும் யாரும் மாத்திரை போட்டீர்களா என்று கேட்டதில்லை. அது ஆம்பளைக் கோபமாம். என் அண்ணன் ஒரு நியாயத்தை நிதானமாகச் சொன்னால் அது வியாதி.

இவ்வளவு வாய் கிழியப் பேசுகிறேனே, அந்த நிமிஷத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, "அண்ணா, காலைல மாத்திரை போட்டியா?" என்றேன்.

என்னையே பார்த்தார்.

"போட்டேன். போட்டுட்டுத்தான் கோவப்படறேன்."

காது குத்த வந்த ஆசாரி ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு, "யாரு மடின்னு சொல்லுங்கம்மா, இன்னொரு எடத்துக்குப் போவணும்" என்றார். நான் போய்ச் சித்தப்பா மகன் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கினேன். "எந்திரி" என்றேன். எழுந்துகொண்டான். "ஏம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்று மாமியார் பல்லுக்கிடையில் சொன்னார், அப்போதும் சிரித்துக்கொண்டுதான்.

"பாக்கட்டும் அத்தை. பாக்கறதுக்குத்தானே கூப்ட்டு வெச்சிருக்கீங்க" என்றேன்.

அண்ணன் மணையில் உட்கார்ந்தார். குழந்தையை மடியில் வைத்தேன். ஊசி இறங்கியதும் அவள் வீறிட்டாள். சுற்றி நின்றவர்கள், "அழக்கூடாது சாமி, சிரி சிரி, போட்டோ பாரு" என்று கத்தினார்கள். ரத்தம் வரும் காதோடு பச்சைக் குழந்தை சிரிக்க வேண்டுமாம்! அண்ணன் மட்டும் அவள் தலையை நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "வலிக்குது. வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் அழுது முடிக்கும்வரை பிடித்திருந்தார்.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது அவர் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரிய யுத்தத்தில் ஜெயித்தவள் நினைப்பு. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இப்ப சந்தோஷமாண்ணா?" என்று கேட்டேன்.

"வயித்துல கொஞ்சம் இருக்குது. ஆனா தாடை விடல."

"இன்னுமா? யாரு மேல? அத்தை மேலயா?"

"அவங்க மேல இல்ல" என்றார். "உன் மேல. அவங்க மாத்திரைன்னுதான் கேப்பாங்க. நீயும் கேட்டுட்ட, அதுக்கு."

தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கத்தில் முகம் எரிந்தது. "தப்புதாண்ணா" என்றேன். சரி என்பதுபோல் தலையசைத்தார். கொஞ்ச நேரம் பொறுத்து, "கோவம் போச்சா?" என்று கேட்டேன்.

தாடையைத் தடவிப் பார்த்தார்.

"போவல" என்றார். "போனா சொல்றேன்."