சம்பளச் சனிக்கிழமைகள்

கல்யாணமாகி இரண்டு வருடம் எனக்குப் பிள்ளை இல்லை. மாமியார் என்னை மலடி என்று சொல்லத் தொடங்கியிருந்தார். முகத்துக்கு நேரே அல்ல; குழாயடியில், என் காதில் விழும்படி.

எங்கள் வீடு பினாங்கில், ஜெட்டி என்கிற படகுத்துறைக்குப் பக்கத்துச் சந்தில். கணவருக்கோ கெடாவில் ஒரு சிறிய ரயில் நிலையத்தில் வேலை. சம்பளம் வாங்கிய சனிக்கிழமை ரயிலேறி, அக்கரையில் பிறை என்னும் ஊரில் படகு பிடித்து வருவார். ஞாயிறு மாலை திரும்பிவிடுவார். மாதத்தில் அந்த ஒரு வருகைதான். நானோ பெரும்பாலும் அதே நாள்களில்தான் வீட்டுக்குத் தூரமாவேன். அவர் கூடத்தில் சாப்பிடுவார். நான் பின்கட்டில் தனிப்பாயில் உட்கார்ந்திருப்பேன். கதவு வழியே இரண்டு வார்த்தை பேசுவோம். அவ்வளவுதான் எங்கள் குடித்தனம்.

அப்படி ஒரு ஞாயிறன்று நாத்தனார் வந்தார். பாகான் டாலாமில் ஒரு பெண் இருப்பதாகவும், தம்பிக்கு இரண்டாந்தாரமாகக் கேட்கலாம் என்றும் சொன்னார். கணவர் தலைகுனிந்து பேசாமல் இருந்தார். அந்தப் பேசாமைதான் என்னைச் சுட்டது. தீட்டென்றும் பாராமல் எழுந்து கூடத்துக்கு வந்துவிட்டேன்.

"இவரு வர்றப்பெல்லாம் நான் பின்னால உட்கார்ந்திருக்கேன். நான் முழுகிட்டு வர்றப்ப இவரு கெடாவுல இருக்காரு. பிள்ளை என்ன, தபால்லயா வரும் அண்ணி?"

"ஐயே, வெட்கங்கெட்டவ!" என்று நாத்தனார் காதைப் பொத்திக்கொண்டார். கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இப்படி ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை போலும்.

எந்த நாளில் கரு தங்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. முழுகிய பிறகு வரும் நாள்கள் என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். சரியான நாள் தெரியாததால், எல்லா நாளும் அவரோடு இருந்துவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த வாரமே தலை முழுகிவிட்டுத் துணிகளை மூட்டை கட்டினேன்.

மாமியார் வாசலை மறித்தார். "பொம்பள புருஷனைத் தேடித் தனியா ரயிலேறுறதா? நாலு பேரு என்ன சொல்வாங்க?"

"பிள்ளை கேக்குறது நாலு பேரா, நீங்களா?" என்று கேட்டுவிட்டு நடந்தேன். நேரே துறைக்குப் போய்ப் படகேறினேன்.

நிலையத்தில் இறங்கியபோது கணவர் பச்சைக்கொடியோடு நின்றிருந்தார். என்னைக் கண்டு பதறிப்போனார். "என்ன, வீட்டுல ஏதாச்சும் விசேஷமா?"

"இல்ல. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

அவர் தங்கியிருந்தது ஒரே அறை. பின்கட்டு கிடையாது. தூரமான நாளிலும் நானே சமைத்தேன். அவர் தட்டை நீட்டி வாங்கிச் சாப்பிட்டார். முதல் மாதம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் மாதமும் அப்படியே போனபோது, மாமியார் சொன்னது உண்மைதானோ என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். பினாங்கிலிருந்து மாமியார் ஆள் அனுப்பினார்.

"அம்மா கூப்பிடுது, போயிட்டு வாயேன்" என்றார் கணவர்.

"நீங்க வந்தா வர்றேன்" என்றேன். போகவில்லை.

மூன்றாம் மாதம் நாள் தள்ளிப்போனது. பெண் பிறந்தாள். மாமியார் ரயிலேறிப் பார்க்க வந்தார். பிள்ளையை மடியில் வாங்கி, துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "பொட்டப்புள்ளதானா?" என்றார்.

"வேணாம்னா குடுத்துடுங்க அத்தே. எனக்கு வேணும்" என்று கையை நீட்டினேன்.

அவர் பிள்ளையை மடியைவிட்டு இறக்கவே இல்லை.