என் கம்ப்யூட்டர் காட்டிக்கொடுக்கப் பார்த்தது

மூன்று வருடங்களுக்கு முன், சாமை அறுவடை முடிந்த சமயம். ஜமுனாமரத்தூரில் ஒரே ஒரு கம்ப்யூட்டரும் பிரின்டரும் வைத்து, சாதிச் சான்றிதழ், பட்டா நகல் எல்லாம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அதே தொழில்தான்.

ஒரு நாள் நெல்லிவாசல்நாட்டுப் பக்கமிருந்து ஒரு பெண் ஷேர் ஜீப்பில் வந்தாள். கடையில் இருந்தவர்கள் போகும்வரை ஓரமாக நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். கல்யாணமாகி ஐந்து வருடம், குழந்தை இல்லை. வேலூரில் எங்கே காட்டலாம், என்னென்ன பரிசோதனை செய்வார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

"வூட்ல யாருக்கும் தெரியாதுக்கா. தெரிஞ்சா மாமியாரு அவருக்கு வேற பொண்ணு பாக்க ஆரம்பிச்சிடும்."

அரை மணி நேரம் தேடினோம். ஒவ்வொரு இணையதளத்திலும் குக்கீகளை ஏற்கிறீர்களா என்று ஒரு பெட்டி வந்து மறைத்தது. வழக்கம்போல, படிக்காமலே 'ஏற்கிறேன்' என்று அழுத்திக்கொண்டே போனேன்.

இரண்டு நாள் கழித்து, அவள் ஊர்க்கார அம்மா ஒருவர் மகனின் சாதிச் சான்றிதழுக்காக வந்தார். சர்வர் வேலை செய்யவில்லை. சும்மா இருக்கிறதே என்று ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தேன். மேலும் கீழும் ஒரே விளம்பரம்: 'குழந்தை இல்லையா? வேலூரில் நவீன சிகிச்சை.'

அந்த அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"நாம இன்னா தேடுறமோ அதுவே விளம்பரமா வரும்னு எம்புள்ள சொல்லுவான். முந்தாநேத்து எங்க ஊரு பொண்ணு இங்க உக்காந்திருந்தத ஜீப்புல போறப்ப பாத்தனே, அது தேடுச்சா?"

சட்டென்று பக்கத்தை மூடினேன். "இல்லீங்க, நான்தான் தேடினேன். எனக்காகத்தான்" என்று சொல்லிவிட்டேன்.

எனக்கும் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகி, அப்போது குழந்தை இல்லாததால் அவர் நம்பிவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு எந்தக் கோயிலுக்கு வேண்டிக்கொள்வது, எந்தப் பச்சிலையை அரைத்துக் குடிப்பது என்றெல்லாம் சொன்னார். அதன் பிறகு ஒரு மாதம், கடைக்கு வந்த முன்பின் தெரியாதவர்கள்கூட என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பொய்க்கே இப்படிக் குத்துகிறதே, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

குக்கீ என்றால், நாம் பார்க்கும் இணையதளங்கள் நம் கம்ப்யூட்டரில் விட்டுச்செல்லும் அடையாளக் குறிப்பு என்று கம்ப்யூட்டர் வகுப்புப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். அதை வைத்து விளம்பரக்காரர்கள் பின்னாலேயே வருவார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்த வாரம் அவள் வந்தபோது நடந்ததை மறைக்காமல் சொன்னேன். உட்காராமல் நின்றபடியே திரையைப் பார்த்தாள். பிறகு, "இப்பவும் அதுல இருக்குதாக்கா?" என்றாள். குக்கீகளை அழிக்கும் இடத்தைக் காட்டி, அவளையே அழுத்தச் சொன்னேன். அழுத்தியதும்தான் உட்கார்ந்தாள்.

இப்போது யார் வந்தாலும் பிரவுசரில் தடம் பதியாத தனி ஜன்னலைத் திறந்துதான் தேடித் தருகிறேன். எழுந்து போனதும் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன். வாயை மூடிக்கொள்வதுதான் ரகசியம் காப்பது என்று நினைத்திருந்த எனக்கு, படிக்காமல் அழுத்தும் ஒரு விரலும் ஊருக்கே சொல்லிவிடும் என்று புரியவைத்தது அவளுடைய அந்த ஒரு கேள்விதான்.