மழைக்கார சென்செய்

ஜப்பானில் எங்கள் பள்ளியில் அறிவியல் நடத்தும் நிஷிவாகி சென்செய்க்கு, அதாவது நிஷிவாகி வாத்தியாருக்கு, ஊர் வைத்த பெயர் 'மழை மனுஷன்'. அவர் வெளியே கிளம்பினால் வானம் பொத்துக்கொள்ளும். விளையாட்டு விழா, அவருடைய கல்யாணம், நாய்க்குட்டி வாங்கப் போன நாள் எல்லாமே நனைந்தவைதான். மேகம் எப்படி உண்டாகிறது என்று பலகையில் படம் போட்டு விளக்குகிறவர், இந்த விஷயத்தில் மட்டும் அறிவியலை நம்புவதில்லை.

வருஷா வருஷம் கடைசி வகுப்புப் பிள்ளைகளை ஹாகி கோட்டைக்கும், அக்கியோஷி சுண்ணாம்புக்கல் மேட்டுக்கும், அதன் கீழே இருக்கும் குகைக்கும் கூட்டிப் போவது அவர்தான். வருஷா வருஷம் மழை. ஆங்கில உதவி ஆசிரியனான நானும் பை நிறையக் காய்ச்சல் மாத்திரையோடு கூடவே போவேன்.

இந்த மே மாதம் அவர் துணைத் தலைமை ஆசிரியர் ஓனோவேயிடம் போய் நின்றார்.

"இந்தத் தடவ நான் வரல. பசங்க ஒரு வருஷமாவது அந்த மேட்டுல வெயில்ல ஓடட்டும்."

ஓனோவே சிரித்தார். சென்செய் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "நாளைக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க."

விஷயம் எப்படியோ வகுப்புக்குப் போய்விட்டது. மழை வேண்டாமென்றால் இங்கே பிள்ளைகள் வெள்ளைத் துணியில் மொட்டைத் தலைப் பொம்மை செய்து ஜன்னலில் கட்டுவார்கள். தலைகீழாகக் கட்டினால் மழையைக் கூப்பிடுவதாக அர்த்தம். மறுநாள் காலையில் ஜன்னல் முழுக்கப் பொம்மைகள். எல்லாம் தலைகீழ்.

"யாருடா கட்டினது? மழை நிக்கணும்னா நேராக் கட்டணும், தெரியாதா?" என்றார் நிஷிவாகி சென்செய்.

வகுப்புத் தலைவி இயோரி எழுந்தாள். "தெரியும் சென்செய். நிக்க வேணாம். எங்க அக்கா இந்த டூர் போனப்ப, மழைக்கு ஒதுங்கின பஸ்ல நீங்க பேய்க்கதை சொல்லி டிரைவரே அலறினாராமே. எங்களுக்கு மட்டும் வெறும் வெயிலா?"

"நீங்க வரலன்னா நாங்களும் வரல," என்றான் பின்வரிசை கைட்டோ. "குகை எங்கயும் போயிடாது."

சென்செய் பலகையைத் துடைத்தார். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

சுற்றுலாவுக்கு வந்தார். மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால், வானத்தில் ஒரு பஞ்சுத் துண்டு கூட இல்லை. புல் நடுவே வெள்ளைப் பாறைகள் ஆட்டு மந்தை போலக் காய்ந்துகொண்டிருந்தன.

"ஏமாத்திட்டீங்களே சென்செய்!"

"மன்னிச்சிடுங்க," என்று இடுப்பு வளையக் குனிந்தார். பிறகு கையைப் பிசைந்தபடி நின்றார். மழையில் பிள்ளைகளை எப்படிச் சிரிக்க வைப்பது என்று அவருக்கு அத்துப்படி. வெயிலில் என்ன செய்வது என்று தெரியவில்லை.

"சும்மா உட்காருங்க. இன்னிக்கு நாங்க பாத்துக்கறோம்," என்று இயோரி அவர் கையைப் பிடித்து ஒரு பாறையில் உட்கார வைத்தாள். பொரித்த கோழித் துண்டுகள் ஆளாளுக்கு ஒன்றாக அவர் டப்பாவில் வந்து விழுந்தன. தின்று முடித்தவர் புல்லில் சாய்ந்தார். சாய்ந்தவர் அப்படியே தூங்கிப் போனார்.

கைட்டோ ஏதோ கத்திக்கொண்டு ஓடி வந்தான். இயோரி உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவாடா. மழை முழிச்சுக்கப் போகுது."