மூன்றாவது மவுத்பீஸ்

அப்பாவின் முன்பல் போனபோது எனக்கு ஒன்பது வயது. ஊரடங்கு தொடங்குவதற்குள் வீடு வந்து சேரவேண்டும் என்று வேகமாக மிதித்தவர், செல் குண்டு விழுந்து கிடங்கும் பள்ளமுமாகக் கிடந்த ரோட்டில் சைக்கிளோடு விழுந்துவிட்டார். கைகால் முறியவில்லை. மேல்வரிசையில் ஒரு பல் பாதியில் உடைந்து, மிச்சத்தையும் பிடுங்கவேண்டி வந்தது. அம்மா மாதாவுக்கு நன்றி சொன்னாள். அப்பாவோ கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்த இடைவெளியை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தார். ஆனால் ஊருக்கு அவர் கோயில் பாண்டில் ட்ரம்பெற் ஊதுகிறவர். முந்தின வருடம் சண்டையால் மாதாவின் பெருநாள் நடக்கவில்லை. இந்த முறை எப்படியும் நடத்துவது என்று முடிவாகி, அதற்கு மூன்று கிழமை இருக்கும்போதுதான் பல் போனது. பாண்டில் இருந்த மற்ற ட்ரம்பெற்காரர் இரண்டு பேரும் வெளிநாடு போய்விட்டார்கள். மாதாவின் சுரூபம் ஊர்வலமாக வந்து சந்தியில் திரும்பும்போது மற்ற வாத்தியங்கள் ஓய்ந்து, ட்ரம்பெற் தனியாக ஒரு பாட்டு ஊதவேண்டும். அதற்கு அப்பாவை விட்டால் ஆளில்லை.

ட்ரம்பெற்றின் நுனியில் செருகி உதட்டில் வைத்து ஊதுகிற சிறிய உலோகத் துண்டுதான் மவுத்பீஸ். அப்பாவின் பழைய மவுத்பீஸ் சரியாகப் பல் போன இடத்தில் வந்து உட்கார்ந்தது. காற்று பக்கத்தால் போய், சத்தம் கிழிந்துகொண்டு வந்தது. புதிது வாங்கக் கொழும்புக்குப் போகிற காலமா அது? பாண்ட் மாஸ்டர் தன்னிடம் இருந்த மூன்றைப் பால்மாத் தகர ரின் ஒன்றுக்குள் போட்டுக் கொடுத்துவிட்டார்.

ரின் வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றும் ஒரே மாதிரித்தான் மினுங்கின. தடவிப் பார்த்தால் ஒன்றுக்கு விளிம்பு மோதிரம்போல மொத்தமாக இருந்தது. இரண்டாவது நடுத்தரம். மூன்றாவதன் விளிம்பு சல்லிக்காசின் ஓரம்போல மெல்லியது. அடித்துளையை விரலால் அடைத்துக்கொண்டு, மருந்துக் கரண்டியால் கிண்ணத்துக்குள் தண்ணீர் வார்த்துப் பார்த்தேன். முதலாவது ஆகக்கூடக் குடித்தது. மூன்றாவது ஒரு மிடறு குடித்ததும் வழிந்தது. இவ்வளவு சின்னக் குழியில் இருக்கிற வித்தியாசம் சத்தத்தை மாற்றும் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை.

"ஊதிறவனுக்குத் தன்ரை சத்தம் சரியாக் கேக்காது பிள்ளை" என்றார் அப்பா. "எட்டத்திலை நிக்கிற ஆள்தான் சொல்லவேணும். நீ போய் வேலியடியிலை நில். திரும்பிப் பாக்கக்கூடாது."

வேலிக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். முதலாவது, பானைக்குள் இருந்து யாரோ கதைப்பதுபோலக் கேட்டது. இதமாகத்தான் இருந்தது, ஆனால் கிணற்றடியைத் தாண்டி வரவில்லை. இரண்டாவது வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மூன்றாவது ஊதியபோது பக்கத்து வளவில் கோழிகள் கொத்துவதை நிறுத்தின. அந்தச் சத்தம் என் பிடரியைத் தொட்டு, வேலியால் புகுந்து, ஒழுங்கை முழுக்கப் போனது.

"மூண்டாவது அப்பா! அதுதான் நேரா வருது!"

அப்பா சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தார். பல் போனபிறகு அப்படித்தான்.

அம்மா குசினி வாசலில் நின்றாள். "இஞ்சருங்கோ, உந்த முதலாவதை எடுங்கோ. அது சொண்டுக்கு மெத்தெண்டு இருக்கும்."

"அது சந்தி முழுக்கக் கேக்காதப்பா" என்றார் அப்பா.

"கேக்காட்டில் என்ன? மாதாவுக்குக் கேக்குந்தானே."

அம்மாவுக்குச் சங்கீத ஞானம் கிடையாது என்று அன்று முடிவுசெய்தேன்.

அப்பா என் சொல்லைத்தான் எடுத்தார். சங்கக்கடை விட்டு வந்து ஒவ்வொரு பின்னேரமும் பழகினார். முதல் நாட்களில் நெடுநேரம் ஊதினார். பிறகு கொஞ்சம் ஊதுவதும், லேஞ்சித் துணியால் வாயை ஒற்றுவதும், அந்தப் பக்கம் திரும்பி நிற்பதுமாக இருந்தார். அம்மா அந்த லேஞ்சிகளை மற்ற உடுப்புகளோடு சேர்க்காமல் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தாள். அப்பாவுக்குத் தடிமன் பிடித்து மூக்கு வடிகிறது என்று நினைத்தேன்.

பெருநாளன்று காலைப் பூசை முடிந்து சுரூபம் புறப்பட்டது. சந்தியில் மற்ற வாத்தியங்கள் நின்றன. வெள்ளைக் காற்சட்டையும் நீலத் தொப்பியுமாக அப்பா தனியாக ட்ரம்பெற்றை உயர்த்தினார். நான் வேண்டுமென்றே கூட்டத்தின் கடைசிக்கு ஓடிப்போய் நின்றேன். அங்கேயும் வந்தது. ஒரு இடத்திலும் பிசகாமல், பிரிந்து போகாமல், முழுப்பாட்டும் வந்தது. எனக்கு முன்னால் நின்ற மனிசி அழுதாள். "உந்த மவுத்பீஸ் நான் எடுத்துக் குடுத்தது" என்று அவளிடம் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வீட்டில் மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறி. எப்படி இருந்தது என்று அப்பா வாயால் கேட்கவில்லை, என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "நான் சொன்னதுதானே சரி!" என்றேன். ஓம் என்று தலையை ஆட்டினார். அவருடைய மேலுதடு வீங்கி, வேறு யாருடைய முகமோ போல இருந்தது. அம்மா ஆறின கஞ்சியை அவருக்கு முன்னால் வைத்து, கறிச் சட்டியை என் பக்கம் தள்ளினாள்.

பெருநாளன்று கஞ்சி குடிப்பார்களா? மாதாவுக்கு ஏதோ நேர்த்தி வைத்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு, அப்பாவின் பங்கு இறைச்சியையும் நானே வழித்துச் சாப்பிட்டேன்.