மூக்கடைத்த பிள்ளைகளும் மூன்றாம் வகுப்பு மேஷ்ட்ரும்

ஊருக்கே பாடம் சொல்கிறவர்களுக்குப் பாடம் எடுப்பதைப் போலச் சங்கடமான பிழைப்பு வேறில்லை, மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். மைசூர் சமஸ்தானத்தில் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் டாக்டர் நான். வாயால் மூச்சு விடும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க ஆசிரியர்களுக்குச் சொல்லித் தருவதும் என் தலையில் விழுந்தது.

முதல் கூட்டம்

அக்ரஹாரத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டை வற்றப் பேசினேன். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்தால் பிள்ளை வாயைத் திறந்தே வைத்திருக்கும், தூக்கம் கெடும், காது மந்தமாகும், நாமோ அதை மக்கு என்று ஒதுக்கிவிடுவோம் என்றேன். மூன்றாம் வகுப்பு மேஷ்ட்ரு (வாத்தியாருக்கு அந்த ஊர்க் கன்னடத்தில் அப்படித்தான் பேர்) ரங்கசாமி ஐயங்கார் பவ்யமாக எழுந்தார். "போன வாரம் வந்த இன்ஸ்பெக்டரும் நாற்காலியில இப்படித்தான் வாயைத் திறந்துண்டு இருந்தார். அவர் பேரையும் எழுதிக்கணுமா, டாக்டர்?"

வாயில் விரல்

அடுத்த முறை போனபோது மேஷ்ட்ரு வகுப்பில் ஈ பறந்தால் கேட்கும். வாயைத் திறக்கும் பிள்ளைகள் எல்லாம் உதட்டில் விரலை வைத்து நிற்கவேண்டுமாம்! நோயைக் கண்டுபிடிக்கச் சொன்னால் மனிதர் நோய்க்குத் தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தார். செல்லம்மா என்ற பெண் மட்டும் விரலை எடுப்பதும் வைப்பதுமாகத் தவித்தாள். அவளுக்குப் பிடிவாதம் அதிகம், கூப்பிட்டாலும் திரும்புவதில்லை என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோ சாவதானமாகச் சொன்னார்: "இவளுக்குப் படிப்பு ஏறாது. தசராவோட நிறுத்திடறேன்னு இவ அப்பாவும் சொல்லிட்டார்."

மேஷ்ட்ருக்குப் பரீட்சை

கோபத்தை விழுங்கிக்கொண்டு, அவரையே ஒரு கையால் மூக்கைப் பிடித்து, மறு கை விரலை உதட்டில் வைத்து நிற்கச் சொன்னேன். பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. பாதிகூடத் தாண்டவில்லை, முகம் சிவந்து, வாயைப் பிளந்து மூச்சு வாங்கினார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. செல்லம்மாவிடம் போய், அவள் விரலை உதட்டிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டார். "இதுக்காக இவளை அடிச்சிருக்கேனே, டாக்டர்."

புகார்

பரிசோதித்ததில் செல்லம்மாவுக்கும் மூக்குக்குப் பின்னால் சதைதான்; அதை அறுத்து எடுக்கக் கத்தி என்றதும் அவள் அப்பா மிரண்டார். அவரைச் சம்மதிக்க வைத்து, அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஜட்காவில் அழைத்துப் போனதும் மேஷ்ட்ருதான். சதையை எடுத்தாயிற்று. தசரா விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது, அவளும் வந்தாள். அப்புறம் ஒருநாள் சந்தைப்பேட்டையில் என்னை மடக்கி, மேஷ்ட்ரு அலுத்துக்கொண்டார்: "நான் கேள்வியை முடிக்கறதுக்குள்ள பதில் சொல்லிடறா. மத்த பிள்ளைகளை நான் என்ன கேட்கறது, டாக்டர்?"

இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்ட புகார் அது ஒன்றுதான்.