சுவருக்குக் கட்டிய காப்பு

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு சுவர் வெகுகாலம் இரண்டு நிறத்தில் இருந்தது. வாசல் பக்கம் பச்சை. கண்ணாடி அலமாரி நிற்கும் பக்கம் பழைய ரோஸ். நடுவே நேர்க்கோடாவது இருந்திருந்தால் டிசைன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நான் ரோலரை உருட்டிக்கொண்டு போன வேகத்தில் கை எங்கே நின்றதோ, பச்சையும் அங்கேயே நின்றுவிட்டது. ஓரமெல்லாம் பிய்த்துத் தின்ற ரொட்டிச் சானாய் மாதிரி இருக்கும்.

கை ஏன் நின்றது என்றால், ஃபுட்சாலுக்கு ஓர் ஆள் குறைகிறது என்று போன் வந்தது. போனேன். திரும்பி வந்தபோது ரோலர் காய்ந்து கட்டையாகிக் கிடந்தது. எனக்கும் அதற்குள் கொரிய மொழி படிக்கும் ஆசை வந்துவிட்டது. கொரிய மொழியில் வணக்கம் சொல்லத் தெரிந்த கையோடு கித்தார் வந்தது. கித்தாரில் ஒரு பாட்டின் முன்பாதி கைவந்ததும், பின்பக்கம் தொட்டியில் மிளகாய் போட்டால் என்ன என்று தோன்றியது. புக்கிட் பெருவாங்குக்குப் படிக்கப் போனவன் பட்டத்தோடு எப்படித் திரும்பினேன் என்பதில் அப்பாவுக்கு இன்றும் சந்தேகம்தான். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டும்போது, மிச்சம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

எனக்கு ஆசை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆசை ஜாஸ்தி. அதுதான் தொல்லை.

இப்படி இருக்கையில் அக்காவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. அவளே பார்த்துத் தேர்ந்தெடுத்தவர். அவருடைய அப்பா அம்மா ஞாயிற்றுக்கிழமை மஸ்ஜித் தானாவிலிருந்து எங்கள் ரெம்பியா வீட்டுக்கு முதல் முறையாக வந்து, தேதி பேசி, சாப்பிட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. பெயிண்டரைக் கூப்பிடலாம் என்றார் அப்பா. வேண்டவே வேண்டாம், நானே முடிக்கிறேன் என்றேன். அம்மா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள்:

“நீ செய்யலனாலும் பரவால்லடா. செய்றேன்னு மட்டும் சொல்லாத. அப்புறம் நான் நம்பிக்கிட்டு உக்காந்திருப்பேன்.”

செய்கிறேன் என்று மறுபடியும் சொன்னேன். அவள் அப்பாவிடம் போய்ப் பெயிண்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். திட்டியிருந்தால் பழகின விஷயம். நம்பிவிட்டாளே.

உடனே வேலையில் இறங்கினேன் என்று எழுதத்தான் ஆசை. எடுத்த காரியத்தை முடிப்பது எப்படி என்று வீடியோ தேடிப் பார்க்க உட்கார்ந்தேன். நல்ல வீடியோதான். பாதியில் வேறொன்றுக்குத் தாவிவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால், நான் வாழ்க்கையில் ஒழுங்காக முடித்தது ஒன்று இருந்தது. கோயிலுக்குப் பால்குடம் எடுத்தது. வெயிலில், வெறுங்காலில், தார் ரோட்டில், வழியில் குடித்துவிட்டுப் போகச் சொல்லி நீட்டிய தண்ணீர்ப் பந்தல் சிராப் சர்பத்தைக்கூடத் தொடாமல் முழுதாக நடந்தேன். அப்போது மட்டும் எப்படி? கையில் காப்பு கட்டியிருந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். மஞ்சள் துண்டு ஒன்று, மஞ்சள் தடவிய நூல் ஒன்று. மாத்திரையைவிட மலிவான சமாச்சாரம். அடுப்படிக்குப் போய் மஞ்சள் டப்பாவைத் திறந்தேன். சாமி விளக்கு முன்னால் நின்று, சுவர் முடிகிறவரை என்று சொல்லி, பல்லால் முடிச்சை இழுத்து என் மணிக்கட்டில் நானே கட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை பசியாறும்போது அம்மா அதைப் பார்த்தார். நாசி லெமாக்கில் நெத்திலியைத் தேடிக்கொண்டிருந்த என் கையை அப்படியே பிடித்துக்கொண்டார். எந்தக் கோயிலுக்கு, என்ன வேண்டுதல், ஏன் சொல்லவில்லை என்று வரிசையாகக் கேள்வி வந்தது. இது சும்மா லா மா, சுவருக்கு என்றேன்.

“சுவத்துக்குன்னு சாமிக்குத் தெரியுமாடா? விளக்கு முன்னாடி நின்னு கட்டியிருக்க. கட்டுனது கட்டுனதுதான்.”

கழற்றிவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். வேலை முடியாமல் காப்பைக் கழற்றினால் வீட்டுக்கு ஆகாது, அதுவும் ஒரு கல்யாணக் காரியம் நடக்கிற நேரத்தில், என்றார். பிறகு மின்னல் வேகம். என் தட்டில் இருந்த நெத்திலி போனது. அப்பா தட்டில் இருந்ததும் போனது. ஐஸ்பெட்டியில் இருந்த கோழி பக்கத்து வீட்டு ஆண்ட்டியிடம் போனது. சட்டி பானை எல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. காப்பு அவிழும்வரை வீடு முழுக்கச் சைவம். காப்பு கட்டியவன் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பதும் சட்டம். எல்லை எது என்பதையும் அம்மாவே நிர்ணயித்தார். எங்கள் தாமான் வீடுகள் முடியும் முனையில் இருக்கும் சின்னப் பாலம்.

வேலையில் இருந்து வரும் அப்பா முன்பெல்லாம் முதலில் பேப்பரைத் தேடுவார். இப்போது சுவர் முன்னால் போய் நின்றார். பச்சை எதுவரை வந்திருக்கிறது என்று பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். கத்திரிக்காயை அவர் மென்ற விதம் எனக்குத்தான் விழுந்த அடி போல இருந்தது. எவ்வளவு பாக்கி என்று ஒருநாள் கேட்டார், ரொம்ப மெதுவாக, ஆஸ்பத்திரியில் கேட்பது மாதிரி.

எனக்கு வேலை வீட்டில் இருந்தபடியே கணினியில். மாலையில் ரோலரை எடுப்பேன். கொஞ்சம் உருட்டியதும் கால் தானாக வாசலுக்குப் போகும். மோட்டார் சைக்கிளில் ஏறி, பாலம் வரை போய், நின்று, திரும்பி வருவேன். அந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் எத்தனை அழகான காரியங்கள். ஐஸ் கச்சாங், ஃபுட்சால், மிளகாய்க்கு உரம். இந்தப் பக்கம் ஒரே ஒரு சுவர். ஒருமுறை திரும்புகையில் பக்கத்து வீட்டு ஆண்ட்டி மறித்து, காவடியா தம்பி என்று கேட்டார். இல்லை ஆண்ட்டி, சுவர் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எந்தக் கோயில் சுவர் என்றார். எனக்கு வெட்கமாகிப் போய் உள்ளே ஓடினேன். ஓடி வந்த இடத்தில் செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் பெயிண்ட் அடித்தேன்.

உண்மையைச் சொன்னால், எனக்கு வந்த உற்சாகம் அவ்வளவுதான். வீடியோவில் சொன்ன மாதிரி உள்ளுக்குள் தீ ஒன்றும் எரியவில்லை. போக இடமில்லை. வீட்டில் எல்லாரும் பசியோடு இருந்தார்கள்.

இதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு ஒரு பிரச்சினையாக எழுந்தது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஆட்டிறைச்சிப் பிரட்டல் என்றால் உயிர். எங்கள் அடுப்பிலோ அதை ஏற்ற முடியாது. ஆண்ட்டி தன் வீட்டில் சமைத்து வைப்பதாகவும், என் காப்பு அவிழ்ந்ததும் வேலிக்கு மேலே கொடுத்துவிடுவதாகவும் பேச்சாயிற்று. அவிழாவிட்டால், வந்தவர்களுக்குச் சாம்பாரும் புடலங்காயும்தான். அக்கா ரோலரைக் கழுவி என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு காலை சுவர் முழுக்கப் பச்சை. கதவோரத்தில் இருந்து அலமாரி வரை ஒரே பச்சை. நான் குளித்து, விபூதி பூசி, விளக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஆண்ட்டி துணியால் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிரட்டல் வாசனை ஹாலுக்குள் வந்து எல்லாரையும் சுற்றியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார், பக்தியில் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா முடிச்சில் கையை வைத்தார். சுவரைப் பார்த்தார். கையை எடுத்தார்.

“அலமாரிக்குப் பின்னாடி?”

அந்தக் கண்ணாடி அலமாரி எங்கள் வீட்டின் அரண்மனை. யாரும் குடிக்காத கோப்பைகள், யாரும் சாப்பிடாத தட்டுகள். நான் பிறந்ததில் இருந்து அது நகர்ந்ததில்லை. அதைச் சுற்றித்தான் அடித்திருந்தேன். பின்னால் ரோஸ் அப்படியே இருந்தது.

“அது யாருக்கும்மா தெரியும்?”

“கட்டுன உனக்குத் தெரியும்ல.”

அப்போது பார்த்து மாப்பிள்ளை வீட்டுக் கார் வந்து நின்றது; அப்பா அம்மாவோடு மாப்பிள்ளையும் இறங்கினார். என்ன விஷயம் என்று அவர்கள் கேட்க, மறைக்க முடியாமல் அப்பா முழுக் கதையையும் சொன்னார். காப்பு, சுவர், கோழி, வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஆட்டிறைச்சி வரை. எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு போய்விடலாம் போல இருந்தது. அக்கா என்னைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அப்பா கதை முழுவதையும் கேட்டார். ஒருமுறை மூச்சை நன்றாக இழுத்து வாசனை பிடித்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டார்.

“சரி, கோப்பையெல்லாம் எடுங்க. சூடு ஆறுறதுக்குள்ள முடிச்சிருவோம்.”

தேதி பேச வந்தவர்கள் கோப்பை இறக்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து தட்டுகளை அடுக்கினார். நல்ல பீங்கான், ஏன் எடுத்துப் புழங்குவதில்லை என்று அம்மாவிடம் விசாரித்தார். மாப்பிள்ளை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து இழுத்தோம். அந்த இடத்தை நான் உருட்டி முடிக்கும்வரை எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். அக்கா மட்டும் ரோலர் போன பக்கமெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டே நின்றாள். கடைசி மூலை மூடியதும், “முடிச்சிட்டடா” என்றாள். கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் சொன்னாள்.

அம்மா காப்பை அவிழ்த்தார். சட்டி வேலி தாண்டியது. தேதி சாப்பாட்டுக்குப் பிறகுதான் பேசப்பட்டது, அதுவும் சீக்கிரமே முடிந்தது.

அன்று எடுத்த படத்தில் எல்லாரும் பச்சைச் சுவர் முன்னால் நிற்கிறோம். மாப்பிள்ளையின் முழங்கையிலும் கொஞ்சம் பச்சை. வாளியில் பெயிண்ட் மீந்திருந்தது. வாசல் கேட்டுக்கு அடித்தால் நன்றாக இருக்குமே என்று அன்றே சொன்னேன். அம்மா மஞ்சள் டப்பாவை எனக்கு எட்டாத உயரத்துக்கு மாற்றிவிட்டார். நான் புதிதாக எதையாவது ஆரம்பிக்கப் போகிறேன் என்று சொன்னால் அப்பா இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பதில்லை. மணிக்கட்டைத்தான் பார்க்கிறார்.